ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் தொழில்வாழ்க்கை: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி எனப் பரவிக் கிடக்கும் நம் கரையோரத்தில் கனடாவில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் உண்டு. டொரன்டோவில் வளரும் பேரப்பிள்ளை ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராக நிற்கிறான் என்று தெரிந்ததும், தாத்தாவும் சித்தப்பாவும் தொலைபேசி வழியாக யோசனை சொல்லத் தொடங்குகிறார்கள். அக்கறையால் வரும் அந்த யோசனைகளில் சில, அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் உருவாகும் விதத்திற்கு நேர் எதிரானவை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓட முடியாத பையனைக் கோலில் நிறுத்துவது நம் திடல்களின் வழக்கம். பனித்தளத்தில் அது செல்லாது. 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட வலையை நோக்கி ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் வரக்கூடும். கனத்த கவசங்களோடு பக்கவாட்டில் பாய்ந்து அதை மறிக்க வேண்டியவருக்குச் சறுக்குத் திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பதினெட்டு வயதில் தீர்ப்பு எழுதிவிடுவது. வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் பின்தங்கினாலோ, வராமலே போனாலோ, 'இனிப் படிப்பைப் பார்க்கட்டும்' என்று இங்கிருந்து சொல்லிவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான ரிக் டிபியட்ரோ ஒரு கோல்கீப்பர். 2006-இல் அவருக்கு 15 ஆண்டு ஒப்பந்தமும் கிடைத்தது. காயங்கள் விடாமல் துரத்தியதால் அவர் 318 ஆட்டங்களோடு நின்றுபோனார். அதே ஆண்டில் 205-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் 887 ஆட்டங்கள் ஆடி 459 வெற்றிகளைக் கண்டார். 1983-இல் 199-ஆவதாகத் தேர்வான டொமினிக் ஹாசெக், 25 வயதில்தான் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்கா வந்து, பின்னர் 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார். டிம் தாமஸ் ஐரோப்பிய லீகுகளிலும் கீழ்நிலை அணிகளிலும் ஆடி, 31 வயதுக்குப் பிறகே பாஸ்டன் அணியில் நிலையான இடம் பிடித்து, 2011-இல் 37 வயதில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றார். வட்டு எங்கிருந்து, யார் மட்டையிலிருந்து வரும் என்பதை முன்கூட்டி உணரும் அறிவு ஆடி ஆடியே வருவதால், இந்த இடத்தில் முதிர்ச்சி தாமதமாகத்தான் கூடும்.

'நேற்று நாலு கோல் விட்டானாமே' என்று பிள்ளையிடமே கேட்பதையும் விட்டுவிட வேண்டும். கோலை நோக்கி அடிக்கப்பட்ட 40 வட்டுகளில் 4 விட்டவர் நூற்றுக்கு 90 தடுத்திருக்கிறார். 15 வட்டுகளில் 3 மட்டுமே விட்டவர் நூற்றுக்கு 80 தான் தடுத்திருக்கிறார். என்.எச்.எல். சராசரியே ஏறத்தாழ 90 தான். அந்த விகிதமும் முன்னால் நின்ற தற்காப்பு வீரர்களைப் பொறுத்து மாறும். அதை மறந்து கோல்கீப்பரைக் குறை சொல்வது, அன்று கச்சான் காற்று எப்படி வீசியது என்று கேட்காமல் கரைக்கு வந்த மீனின் எடையை வைத்து மீனவரைக் குறை சொல்வதற்குச் சமம். லுண்ட்குவிஸ்ட் ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆயினும் 2023-இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார்.

உடம்பைப் பற்றிய அலட்சியத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். இன்றைய கோல்கீப்பர்கள் முழங்கால்களைத் தளத்தில் பதித்து, கீழ்க்கால்களை இருபுறமும் விரித்து மறிக்கும் பட்டாம்பூச்சி முறையில் ஆடுகிறார்கள். இதில் இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்பி அழுத்தம் பெறுகிறது. எலும்பு இன்னும் வளரும் வயதில் ஆண்டு முழுவதும் இதையே பயிற்சி செய்தால் மூட்டு உரசிச் சேதமாகும் வாய்ப்பு கூடுகிறது. கோடையில் வேறு விளையாட்டுக்கு விட வேண்டும். இடுப்போ தொடையிடுக்கோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், 'ஆம்பளைப் பிள்ளை பொறுத்துக்கொள்' என்று சொல்லாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். 2015-இல் ஹார்ட் விருது பெற்ற கேரி பிரைஸ், முழங்கால் காயத்தால் 2022 ஏப்ரலுக்குப் பிறகு ஆடவே முடியவில்லை. கவசத்தைக் கோழைத்தனம் என்று நினைத்த காலமும் இருந்தது. 1959 நவம்பர் 1 அன்று முகம் கிழிந்து தையல் போட்டுக்கொண்ட ஜாக் பிளான்ட், முகமூடி இல்லாமல் மீண்டும் இறங்க மறுத்த பிறகே அந்த எண்ணம் மாறத் தொடங்கியது.

படிப்பைக் கைவிடச் சொல்வதும் தவறு. என்.எச்.எல்.-இல் 32 அணிகள், ஓர் ஆட்டத்திற்கு அணிக்கு இருவர் என்றால் 64 இடங்களே. ஆறு ஸ்டான்லி கோப்பைகளை வென்ற கோல்கீப்பர் கென் டிரைடன், நடுவில் 1973-74 பருவம் முழுவதும் ஆடாமல் சட்டப் பயிற்சியை முடித்தார். கனடாவின் இளையோருக்கான உயர்நிலை லீகான மேஜர் ஜூனியரில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி அணிக் கதவு மூடிவிடும் என்று உறவினர்கள் இன்னும் எச்சரிக்கிறார்கள். அந்தத் தடை 2025 ஆகஸ்ட் 1 முதல் நீங்கிவிட்டது. ஆகவே பழைய விதியை நம்பிப் பிள்ளையின் வழியைத் தீர்மானிக்காமல், சேரவிருக்கும் கல்லூரியிடமே இன்றைய தகுதி விதிகளைப் பெற்றோர் நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.