நீண்ட தூர பைக் பயணம்: மூட்டை கட்டும் முன் ஒரு எடைக் கணக்கு

பல நாள் நீளும் அட்வென்ச்சர் பைக் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்பதுதான். அதற்கான பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். அத்தனையையும் ஏற்றிய பிறகு பைக் எப்படி மாறுகிறது, அதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. ஜல்லிச் சாலையில் முன் சக்கரம் அலைபாய்வதற்கும் சாயங்காலம் தோள் கடுப்பதற்கும் பெரிய காரணம் எடையும் அது உட்கார்ந்திருக்கும் இடமும்தான். அதனால் இந்தக் குறிப்பில் எடைக்கு முதலிடம் தருகிறேன்.

ஆயில், பிரேக் பேட், பேட்டரி எல்லாம் பார்த்து சர்வீஸ் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டயர் பாதி தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

படி 1: பைக் எவ்வளவு தாங்கும்?

பைக்கோடு வந்த மேனுவலில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பைக்கின் சொந்த எடை, இன்னொன்று எல்லாம் ஏற்றிய பின் தாண்டக் கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. சொந்த எடையில் பெட்ரோல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. 16 லிட்டர் டேங்க் நிறைந்தால் 12 கிலோ.

பைக் 200 கிலோ, மொத்த வரம்பு 390 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 190. நீங்கள் 75 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்தால் 86. கிராஷ் கார்டு, ரேக், இரண்டு அலுமினியப் பெட்டி ஆகியவற்றைக் காலியாக மாட்டினாலே 22 கிலோ போய்விடும். மீதி 82. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அவரும் அவருடைய உடுப்பும் 72 கிலோ. இப்போது சாமானுக்கு மிஞ்சுவது 10 கிலோ. இருவர் போகும் பைக்கில் கூடாரம், அடுப்பு, மூன்று பெட்டி என்று அடுக்குவது எவ்வளவு சீக்கிரம் வரம்பைத் தாண்டும் என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பையையும் தனித்தனியாக நிறுத்து எழுதி வையுங்கள். தனியாகப் போகிறவருக்கு, கூடாரம் உட்பட, பையும் சாமானும் சேர்ந்து 30 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 2: பெட்டியா, பையா?

மண் சாலை அதிகம் இருந்தால் பைதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. மணலிலோ சேற்றிலோ தடுமாறும்போது காலை ஊன்றுவோம். பைக் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், பக்கப் பெட்டியின் முன்முனை பின்னங்காலில் வந்து இடிக்கும். பைக் சாய்ந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டும். துணிப்பை அமுங்கிக் கொடுக்கும். எடையும் குறைவு. திருட்டு பயம்தான் இதன் குறை. மெல்லிய எஃகுக் கம்பிப் பூட்டு ஒன்று கொஞ்சம் ஈடுகட்டும். முழுக்கத் தார்ச் சாலை, இரவில் நகரங்களில் தங்கல் என்றால் பெட்டியே வசதி.

சைலன்சர் பக்கத்துப் பை குழாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஆள் ஏறி உட்கார்ந்து பைக் அமுங்கிய நிலையில் பாருங்கள். நின்ற நிலையில் இருக்கும் இடைவெளி பள்ளத்தில் இருக்காது. வாயைச் சுருட்டி மூடும் வாட்டர்ப்ரூஃப் பை என்றால், காற்றை வெளியேற்றிவிட்டுக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டினால்தான் தண்ணீர் நிற்கும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம். கை நழுவினால் கொக்கி கண்ணுக்கு வரும். தளர்ந்தால் பின் சக்கரத்துக்குள் போகும். பக்கிள் வைத்த தட்டை ஸ்ட்ராப் வாங்குங்கள். மிஞ்சித் தொங்கும் நுனியை மடித்துக் கட்டிவிடுங்கள்.

படி 3: எதை எங்கே வைப்பது?

கனமானது தாழ்வாக, முன்னால், நடுவே. டூல், டியூப் இவற்றை பக்கப் பைகளின் அடியில், சீட்டை ஒட்டிய பக்கமாக வையுங்கள். இன்னும் நல்லது, கிராஷ் கார்டில் கட்டும் சிறு பைகள். துணி, தூங்கும் பை போன்ற லேசானவை மட்டும் பின்னால், மேலே. பின் ஆக்சிலுக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை மேலே தூக்கப் பார்க்கும். டாப் பாக்ஸில் தண்ணீர் கேனையும் டூலையும் போட்டுவிட்டு வேகமாகப் போனால் ஹேண்டில் ஆடத் தொடங்குவது இதனால்தான். இடமும் வலமும் ஒரே எடையா என்று தராசில் பாருங்கள்.

டேங்க் பேக் மாட்டிய பின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஹார்னையோ கில் ஸ்விட்சையோ பை அழுத்தக் கூடாது. முதுகுப் பையில் தண்ணீர் மட்டும் போதும். விழும்போது முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே இரும்புச் சாமான் எதுவும் இருக்க வேண்டாம். முதலுதவிப் பை, வேறொருவர் பார்த்தவுடன் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். அடிபட்டுக் கிடப்பது நீங்களாக இருக்கலாம்.

படி 4: பின் ஷாக்கை எடைக்கு ஏற்ப மாற்றுதல்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி இது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

லோடு ஏறியதும் பைக்கின் பின்பக்கம் அமர்ந்துவிடும். முன்பக்கம் லேசாகும், திருப்பினால் தாமதமாகத் திரும்பும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பைக் அளவுக்கு மீறி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தாலே மறுபக்கம் சாயலாம். இத்தனைக்கும் தீர்வு பிரீலோடு, அதாவது ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு. அதை எந்த அளவுக்கு வைப்பது என்பதைக் கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும்.

தேவை ஒரு டேப், ஒரு நண்பர். பின் சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது, ஆக்சிலின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளியைக் குறித்து அளவெடுங்கள். 600 மிமீ என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பைக்கை இறக்கி, எல்லாச் சாமானையும் கட்டி, டேங்கை நிரப்பி, முழு உடுப்போடு ஏறி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள். நண்பர் முன்னால் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று முறை குதித்து அமர்ந்த பின் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 520 மிமீ வந்தால், பைக் 80 மிமீ அமுங்கியிருக்கிறது. இதைத்தான் ஸாக் என்கிறார்கள்.

மேனுவலில் பின் சக்கரத்தின் மொத்த அசைவு எவ்வளவு என்று போட்டிருக்கும். ஸாக் அதில் 30 சதவீத வாக்கில் இருப்பது நல்லது. அசைவு 200 மிமீ என்றால் 60 மிமீ. நம் கணக்கில் 20 மிமீ அதிகம். பிரீலோடைக் கொஞ்சம் ஏற்றி, திரும்ப அளக்க வேண்டும். சில பைக்குகளில் குமிழைத் திருகினால் போதும். மற்றவற்றில் ஷாக்கின் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். அந்த ஸ்பேனரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் குழம்பும் இடம் இனிமேல்தான். பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. ஸ்பிரிங்கின் பலம் அதேதான். பைக் எந்த உயரத்தில் அமர வேண்டும் என்பதை மட்டுமே பிரீலோடு மாற்றுகிறது. அதனால் கடைசி வரை திருகியும் 40 சதவீதத்துக்குக் கீழே வரவில்லையென்றால் அந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது என்று பொருள். அதற்கு மேல் இரண்டே வழி: சாமானைக் குறைப்பது, அல்லது பலமான ஸ்பிரிங் போடுவது. முதலாவதுக்குச் செலவே இல்லை.

ரீபவுண்டு திருகாணி (அழுந்திய ஷாக் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) இருந்தால், பிரீலோடு ஏற்றிய பின் அதையும் ஒன்றிரண்டு கிளிக் கூட்டுங்கள். கூடுதலாக அழுந்திய ஸ்பிரிங் அதே வேகத்தில் திருப்பித் தள்ளும். மேட்டில் ஏறி இறங்கியதும் சீட் உங்களைத் தூக்கி எறிந்தால் இது குறைவாக இருக்கிறது.

இது முடிந்ததும், லோடு இருக்கும்போதே ஹெட்லைட்டையும் செயினையும் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்-ஆர்ம் பிவட் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை பைக்கின் சட்டத்தோடு சேரும் அச்சு), பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது செயின் மிகவும் இறுகும். வெறும் பைக்கில் சரியாகத் தெரிந்த தொய்வு, லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது போதாமல் போகலாம். இறுகிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். ஒரு துளி தளர்வே மேல்.

படி 5: டயரும் டூலும்

காற்றழுத்தத்துக்கு மேனுவலில் 'முழு லோடு' என்று தனி எண் இருக்கும், அதை வையுங்கள். டயர் சூடாகும் முன் பாருங்கள். மணலில் குறைப்பது பலன் தரும். ஆனால் டியூப் டயரில் மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராகும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் ஏற்றிவிட வேண்டும்.

டூல் தேர்வுக்கு என் வழி எளிது: கொண்டுபோகும் டூலை மட்டும் வைத்து வீட்டில் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஒரு டியூபை மாற்றி, செயினைச் சரிசெய்து பாருங்கள். கை தொட்டவை உள்ளே, தொடாதவை வெளியே. ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் பைக்கோடு வரும் டூல் கிட்டில் பல நேரம் இருக்காது. டயர் லீவர் இரண்டு போதாது, மூன்று வேண்டும். ஒரே ஒரு டியூப்தான் என்றால் 21 அங்குல முன் டியூபை எடுங்கள், அவசரத்துக்கு 17, 18 அங்குலப் பின் டயரிலும் மடித்துப் போட்டு அடுத்த ஊர் வரை ஓட்டலாம். டியூப்லெஸ் என்றால் பஞ்சர் திரியும் ஊசியும். காற்றுக்கு பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர்தான் என் தேர்வு. கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் எண்ணிக்கையில் தீர்ந்துபோகும்.

உதிரி: கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஃப்யூஸ், செயின் இணைப்பு, கேபிள் டை, எஞ்சின் உறை விரிசலுக்கு எபாக்ஸி. புதுக் கேபிளைப் பழையதன் கூடவே ஓட்டிக் கட்டிவிடுங்கள், பையில் இடமும் மிச்சம். இரண்டாவது சாவி உங்கள் உடம்பில் இருக்கட்டும்.

படி 6: உடுப்பும் காகிதமும்

பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரில் நடுங்க வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழையில் இரண்டு செட் போதும், துவைத்துக்கொள்ளலாம். கையுறை இரண்டு ஜோடி. காதடைப்பான் கட்டாயம், நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றிரைச்சல் செவியைக் கெடுக்கும்.

எல்லை தாண்டுவதென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இரண்டு வகை உண்டு. 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி தருவது ஓராண்டு செல்லும். 1968-இன் வகை மூன்றாண்டு வரை. போகும் நாடு எதை ஏற்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். கார்னே (வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) கேட்கும் நாடுகளில் நுழையும்போதும் வெளியேறும்போதும் சுங்கத்தில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால் நீங்கள் கட்டிய பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். சாட்டிலைட் கருவிகளுக்குச் சில நாடுகளில் அனுமதியே இல்லை, அதையும் விசாரியுங்கள்.

படி 7: ஒரு இரவு ஒத்திகை

முழு லோடோடு ஒரு நாள் ஓட்டி, வெளியில் தங்கி, காலையில் கட்டித் திரும்புங்கள். கொஞ்சமாவது மண் சாலை இருக்கட்டும். திரும்பி வந்ததும், தொடாமலே கிடந்த பொருட்களைத் தனியே எடுத்து வையுங்கள். மழையுடுப்பு, முதலுதவி, பஞ்சர் கிட் தவிர மற்றது வீட்டிலேயே இருக்கலாம். பெட்ரோல் கணக்கையும் இந்த ஓட்டத்தில்தான் எடுக்க வேண்டும், லோடும் ஜல்லியும் சேர்ந்தால் மைலேஜ் குறையும்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சென்டர் ஸ்டாண்டு இல்லாத பைக்கில் பின் சக்கரத்தை எப்படித் தூக்குவது என்று பலர் கேட்டார்கள். சாமான் இல்லாமல் சைடு ஸ்டாண்டின் மேல் நண்பர் பைக்கைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அளப்பதற்கு அந்தச் சில நொடிகள் போதும்.

விழுந்த பைக்கைத் தூக்குவது பற்றி: முதலில் எஞ்சினை அணையுங்கள், பைகளைக் கழற்றுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட்டு கியரில் போடுங்கள். சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, கால் பலத்தால் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும்.

ஹேண்டிலில் போன் மாட்டுபவர்களுக்கு: பைக் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் போடுங்கள், அல்லது வழிகாட்டிக்கு ஒரு பழைய போனைத் தனியே வையுங்கள்.

முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் ரேக் போல்ட்டுகள் தளர்ந்துவிடுகின்றன என்றும் ஒருவர் எழுதியிருந்தார். புதிதாக மாட்டிய எதிலும் இது நடக்கும். இறுக்கிய பின் போல்ட்டின் தலையிலிருந்து ரேக் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோடு விலகியிருந்தால் எந்தப் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே தெரியும்.