அயர்லாந்துப் பேய்க்கதைகளும் ஊர்ப்பெயர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் 'கில்' (Kill) என்றே ஒரு கிராமம் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்தால் 'கொல்' என்று பொருள். பேய்க்கதை எழுதுகிறவருக்கு இது போதாதா? எப்போதோ நடந்த கொலை, அதற்கு ஒரு ஆவி என்று கதை தயாராகிவிடும். ஆனால் ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்குத் தேவாலயம் என்றுதான் பொருள். ஐரிஷ் பெயர்களை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். 1824-ல் தொடங்கிய நில அளவை அந்த மாதிரி எழுத்துகளையே வரைபடத்தில் நிலைக்க வைத்தது. வேறு சில ஊர்களில் இதே 'கில்', காடு என்ற சொல்லின் திரிபு. ஆகவே ஆங்கில எழுத்தை நம்பாமல் ஐரிஷ் வடிவத்தைத் தேடுங்கள். ஊர்ப்பெயர்த் தரவுத்தளம் இணையத்திலேயே இருக்கிறது.

ஐரிஷ் வடிவத்திலும் சறுக்கலாம். கிளேர் மாவட்டத்துப் பூல்னபிரோன் கல்திட்டையைப் பலர் 'துயரக் குழி' என்கிறார்கள். 1980-களில் தோண்டியபோது அங்கே முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்ததால் பெயர் பொருத்தமாகவும் படுகிறது. உண்மையில் அது திரிகைக்கல் குழி. துயரமும் திரிகையும் அந்த மொழியில் ஏறக்குறைய ஒரே ஒலி.

அப்புறம், எல்லாவற்றையும் பேய் என்று சொல்லிவிடுவது. பான்ஷீ செத்தவரின் ஆவி அல்ல, மேடுகளுக்குள் வாழும் 'ஷீ' என்ற மாய இனத்துப் பெண். யாரையும் கொல்லமாட்டாள். சில பழங்குடும்பங்களில் சாவு வரும்முன் அழுவாள், அவ்வளவுதான். விக்லோவில் உள்ள பூலபூக்கா அருவியின் பெயரில் இருக்கும் பூக்காவும் பேயில்லை, கறுப்புக் குதிரையாக உருமாறி ஆளைச் சுமந்துகொண்டு ஓடும் குறும்புக்காரன்.

வெக்ஸ்போர்டின் லாஃப்டஸ் மாளிகைக் கதை பிரசித்தம். புயல் இரவில் வந்த அந்நியனோடு சீட்டாடும் பெண், விழுந்த சீட்டை எடுக்கக் குனிகிறாள். மேஜைக்கடியில் அவனுக்குக் குளம்பு! வந்தவன் சாத்தான். கதை நடப்பது 18-ஆம் நூற்றாண்டில். இன்று நிற்கும் கட்டடமோ 1870-ஐ ஒட்டி எழுப்பப்பட்டது. 'இதே அறையில்தான்' என்று படம் போடுவதற்குமுன் கட்டடத்தின் வயதைப் பாருங்கள்.

ஒரு கதைக்கு ஒரே 'உண்மையான' வடிவம் உண்டு என்று தேடுவதும் வீண். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டுகளில் எழுதிய கதைகள் இணையத்தில் கிடைக்கின்றன. அடுத்தடுத்த ஊர்களிலேயே கதை மாறுகிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொன்னது என்று குறித்துவிட்டு எடுத்தாளுங்கள்.