கட்டடம் கிடைத்தது, நடத்தக் காசு? சிறு ஊர் சுற்றுலாத் தகவல் மையக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பூர், தாராவி, டோம்பிவிலி என்று மும்பையில் நம் ஆட்கள் நிறைந்த பக்கங்களிலிருந்து சில இளைஞர்கள் இப்போது ஒரு புது வேலைக்குப் போகிறார்கள். கொங்கண் கரையிலும் சஹ்யாத்ரி மலையிலும் உள்ள சிறு ஊர்களில் நகர பரிஷத்துக்காக, அதாவது நகராட்சிக்காக, சுற்றுலாத் தகவல் மையம் நடத்தும் வேலை. மராத்தி, இந்தி, தமிழ் மூன்றும் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜோதிர்லிங்க யாத்திரை வரும் தென்காசி பஸ்காரர்களுக்குத் திரியம்பகேஸ்வரத்துக்கும் பீமாசங்கரத்துக்கும் நடுவில் எங்கே குளிக்கலாம், எங்கே சோறு கிடைக்கும் என்று தமிழில் சொல்ல ஓர் ஆள் கவுன்ட்டரில் இருந்தால் அந்த ஊரைப் பற்றி அவர்கள் ஆயுசுக்கும் நல்லதாகத்தான் பேசுவார்கள்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சறுக்குவதெல்லாம் காசு விஷயத்தில். நான் புதிதில் செய்ததையே வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை, ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிட்டுப் போவது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. முதல் வாரத்திலேயே ஊர்க்காரர்கள் திட்டித் திருத்திவிடுவார்கள்.

கட்டடத்துக்கு வந்த பணத்தை 'நிதி வந்தாச்சு' என்று நினைப்பது

தாராவித் தம்பி ஒருவன், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஜி.ஆர். என்கிற அரசு உத்தரவு இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, ஜி.ஆர். வந்துட்டு. நாப்பது லட்சம்!"

"எதுக்குத் தம்பி?"

"பில்டிங்குக்கு. கவுன்ட்டரு, டாய்லெட்டு, டச் ஸ்க்ரீனு, எல்லாம் உண்டு."

"நடத்துறதுக்கு?"

"அது பொறவு பாத்துக்கலாம்னு சொல்லுதாவ."

இந்தப் 'பொறவு பாத்துக்கலாம்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பொதுப் பணத்தில் சுற்றுலாவுக்கு வரும் தொகையில் பெரும்பங்கு கட்டுமானத்துக்குத்தான் வருகிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய ஸ்வதேஷ் தர்ஷன் திட்டத்தைப் பாருங்கள். அதில் அனுமதித்த வேலைகளுக்கு மத்திய அரசு 100 சதவீதம் தந்தது. மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் கடற்கரைச் சுற்றுக்கு 2015-16இல் அப்படித்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் கட்டி முடித்த பிறகு இயக்குவதும் பராமரிப்பதும் மாநிலத்தின் பொறுப்பு என்று திட்டத்திலேயே இருக்கிறது. மாநிலத்திடமிருந்து அந்தப் பொறுப்பு மாவட்டத்துக்கு இறங்கும், மாவட்டத்திலிருந்து நகர பரிஷத்துக்கு இறங்கும். கடைசியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மடியில் வந்து விழும். பாலக் மந்திரி, அதாவது மாவட்டப் பொறுப்பு அமைச்சர், தலைமையில் டி.பி.டி.சி. என்கிற மாவட்டத் திட்டக் குழு கூடி மாவட்டத் திட்டத்திலிருந்து ஒதுக்கும் பணமும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். மார்ச் 31க்குள் செலவைக் காட்டியாக வேண்டும் என்பதால் எல்லோரும் சிமென்ட்டைத் தேடிப் போகிறார்கள். சிமென்ட்டைப் படம் எடுத்துக் காட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். சம்பளத்தை வைத்து யார் ரிப்பன் வெட்டுவது?

அந்தத் தம்பியை உட்கார வைத்து ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்க வேண்டும், லீவு, வார ஓய்வு எல்லாம் உண்டு என்றால் கவுன்ட்டருக்கு மூன்று பேர். ஆளுக்கு 18,000 என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் வருடத்துக்கு 6,48,000. துப்புரவுக்கு ஓர் ஆள், மாதம் 10,000, அது 1,20,000. மின்சாரமும் இன்டர்நெட்டும் மாதம் 6,000 என்றால் 72,000. மழைக்குப் பின் ஒழுகல் அடைப்பது, சுண்ணாம்பு, பிரின்டிங் என்று ஒன்றரை லட்சம். கூட்டினால் 9,90,000. நாற்பது லட்சக் கட்டடம் நான்கு வருடத்தில் இன்னொரு கட்டடத்தைத் தின்றுவிடும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை இது. யானை மட்டும் இனாம்.

மும்பையிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு மலையூர். பெயர் வேண்டாம். எஸ்.டி. ஸ்டாண்டுக்கு, அதாவது அரசு பஸ் நிலையத்துக்கு, எதிரில் தகவல் மையம் கட்டினார்கள். கிரானைட் கவுன்ட்டர், வரவேற்பறையில் கோட்டை ஒன்றின் பெரிய படம், வெளியே கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் பெயர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் நான் போனபோது ஷட்டரில் தொங்கிய பூட்டின் சாவித்துவாரமே துருவில் அடைபட்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அட்டைப்பெட்டிகள் ஈரத்தில் ஊதி வாய் பிளந்து, பிரசுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. டச் ஸ்க்ரீன் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை. டிரைவர்கள் நனைந்த காக்கிச் சட்டைகளை வாசல் கைப்பிடியில் காயப்போட்டிருந்தார்கள். மொத்தக் கட்டடத்தில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான்.

நம் ஊர் யாத்ரீகர் பஸ் ஒன்று அங்கே நின்றது. கழிப்பறை என்று போர்டைப் பார்த்து இறங்கிய ஒரு பாட்டி பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, தொறக்க மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் விசாரித்துக்கொண்டு அலைந்தேன். கட்டியவர்கள், "நாங்கள் முடித்துக் கொடுத்தாயிற்று" என்றார்கள். ஊர் நிர்வாகம், "ஹேண்ட்ஓவர் காகிதத்தில் நாங்கள் கையெழுத்துப் போடவில்லையே, அது எங்கள் கட்டடமே இல்லை" என்றது. பணம் கொடுத்த இலாகா, "எங்கள் வேலை நிதி கொடுப்பதோடு சரி" என்றது. மூன்று பேர் சொன்னதும் சட்டப்படி சரி, அதுதான் வயிற்றெரிச்சல். கையெழுத்துப் போட்டால் பராமரிப்புச் செலவு தலையில் விழும் என்று தெரிந்தே போடாமல் இருக்கிறார்கள். இதற்கு நடுவில் வணிக இணைப்பு என்பதால் மின்கட்டணத்தில் நிலைக் கட்டணம் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கே எரியாத கட்டடத்துக்கு மின்பாக்கி!

ஆகவே அஸ்திவாரத்துக்கு முன்னால், முடிந்தால் எஸ்டிமேட் போடுவதற்கும் முன்னால், மூன்று காகிதம் வாங்குங்கள். ஒன்று, கட்டி முடித்த எத்தனை நாளில் யார் பொறுப்பேற்பது என்று இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட கடிதம். இரண்டு, நகர பரிஷத் பொதுக்குழுவின் டராவ், அதாவது தீர்மானம். அதில் வருடச் செலவுத் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். 'தேவைக்கேற்ப வழங்கப்படும்' என்று எழுதினால் வழங்கப்படாது என்று அர்த்தம். மூன்றாவதுதான் எல்லோரும் மறப்பது: அந்த டராவ் பட்ஜெட்டில் ஒரு தலைப்பாக ஏறியிருக்கிறதா என்று பட்ஜெட் நகலையே பார்ப்பது. தீர்மானம் இருந்து பட்ஜெட் தலைப்பு இல்லையென்றால் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பில்லைத் தொடக்கூட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் கட்டடமே வேண்டாம் என்று சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஏற்கெனவே இருக்கும் அறை ஒன்றைக் கேளுங்கள். ஒரு மேசை, ஒரு வரைபடம், விவரம் தெரிந்த ஓர் ஆள், திறந்திருக்கும் கழிப்பறை. வருகிறவனுக்கு இவ்வளவுதான் வேண்டும். "வந்த நிதியைத் திருப்பி அனுப்பியவன்" என்று கொஞ்ச நாள் பேசுவார்கள். பேசட்டும்.

அமெரிக்க மாதிரியைக் காப்பியடிப்பது

நடத்தும் செலவுக்கு வழி தேடச் சொன்னால் பையன்கள் இணையத்தில் அமெரிக்கச் சிறு நகரங்களின் கதையைப் படித்துவிட்டு வருகிறார்கள். அங்கே பல ஊர்களில் ஹோட்டல் அறை வாடகை மேல் உள்ளூர் வரி உண்டு. அதில் ஒரு பங்கு விசிட்டர் பீரோவுக்குப் போகும். அதை அப்படியே தமிழாக்கி, 'அறை வரியில் 2 சதவீதம் கோருகிறோம்' என்று மனு எழுதுகிறார்கள்.

இங்கே அந்தக் கதவே மூடியாயிற்று. ஹோட்டல் அறை மேல் மாநிலங்கள் வாங்கிவந்த சொகுசு வரி 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. இப்போது 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. மத்திய அரசும் மாநிலமும் பிரித்துக்கொள்கின்றன. நகர பரிஷத் தன் பெயரில் அறை வரி போட இடமில்லை. இதைக் கேட்டு மனு கொடுத்தால் நகர பரிஷத்தின் தலைமை அதிகாரியான முக்யாதிகாரி சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார், அதோடு உங்கள் மற்ற மனுக்களின் மதிப்பும் போயிற்று.

உள்ளாட்சி அமைப்புகள் கையில் இருப்பதைக் கேளுங்கள். மலையூரான மாத்தேரானில் தஸ்தூரி நாகாவில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகிறவர்களிடம் நகர பரிஷத்தே ரசீது கொடுத்து நுழைவு வரி வாங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் 5,000 பேர்கூட இல்லாத ஊர் அது. வருகிறவர்களின் காசுதான் அதற்கு முக்கிய ஆதாரம். மகாபலேஸ்வரிலும் பயணிகளிடம் வரி உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அதில் இத்தனை பங்கு தகவல் மையத்துக்கு என்று டராவ் போடச் சொல்லலாம். இல்லையென்றால் பார்க்கிங், கட்டணக் கழிப்பறை, லக்கேஜ் அறை, டீக்கடைக்கு விடும் ஓரம். கேரளத்தில் மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் குழுக்கள் பூங்கா நுழைவு, படகுத்துறை மாதிரி வருமானங்களைத் தாங்களே கையில் வைத்திருப்பதால்தான் ஒவ்வொரு சம்பளத்துக்கும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

கழிப்பறை வருமானம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். வருடம் முழுக்க நிற்காமல் வரும் காசு அது ஒன்றுதான்.

பிரசுரத்தில் அமைச்சர் படம்

வேண்டாம். தேர்தல் நடத்தை விதி வந்த அன்றே எல்லாப் பெட்டியும் உள்ளே போய்விடும்.

வருகையாளர் எண்ணிக்கையை ஊதுவது

நிதி கேட்கும் மனுவில், 'ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள்' என்று எழுதும்போது கை நடுங்க வேண்டும். யார் எண்ணினார்கள்? வாசலில் வைத்த நோட்டில் கையெழுத்துப் போட்டவர்களை எண்ணினால் பள்ளிக்கூடச் சுற்றுலா வந்த ஒரே நாளில் எண்ணிக்கை மூன்று மடங்காகும், மழைக்காலத்தில் பூஜ்யமாகும். நுழைவு வரி ரசீது, பார்க்கிங் டிக்கெட், ரயில் வரும் ஊராக இருந்தால் நிலையத்தில் விற்ற டிக்கெட், இவற்றில் ஏதாவது இரண்டை ஒப்பிட்டுச் சின்ன எண்ணையே எழுதுங்கள். ஊதிப் பெருக்கிய எண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால் வருமானமும் இருக்குமே, உங்களுக்கு எதற்கு மானியம் என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள்.

கமிட்டி முழுக்க ஹோட்டல்காரர்கள்

அவர்கள்தான் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார்கள், டீ செலவும் பார்த்துக்கொள்வார்கள். அதனாலேயே ஆறு மாதத்தில் கமிட்டி அவர்களுடையதாகிவிடும். "நல்ல ரூம் எங்கே?" என்று யார் கேட்டாலும் கவுன்ட்டர் பையன் பொருளாளர் லாட்ஜைக் கைகாட்டுவான், அவனுக்கும் வேறு வழியில்லை. பொதுப் பணம் வாங்கும் மையத்தில் இது ஒரு தகவல் உரிமை மனுவில் வெளிவந்தால் அடுத்த வருட நிதி நின்றுவிடும். குதிரைக்காரர், ஜீப் ஓட்டுநர், கோட்டையடியில் பிட்லா-பாக்ரி விற்கும் அக்கா, இவர்களில் இரண்டு பேராவது கமிட்டியில் வேண்டும். தங்கும் இடங்களின் பட்டியலை அகர வரிசையில் ஒட்டிவிட்டுப் பரிந்துரையை நிறுத்துங்கள்.

இணையதளப் பெயர் வெண்டர் பெயரில்

தளம் செய்து தரும் வெண்டரோடு சண்டை வந்த மறுநாள் உங்கள் ஊரின் பெயர் அவனுடையது. உங்கள் அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

யு.சி.யைக் கடைசிக்குத் தள்ளுவது

பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காமல் அடுத்த தவணை வராது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தள்ளுவார்கள். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி மானியம் வாங்கிய அமைப்பு நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் கொடுத்தாக வேண்டும். வெண்டருக்குக் கொடுத்த முன்பணத்தைச் செலவு என்று காட்டாதீர்கள். பில் வந்து வேலை முடிந்தால்தான் செலவு. மானியத்தைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள், டீக்கடை வாடகையோடு கலக்காதீர்கள்.

இன்னொன்று, வட்டி. கணக்கில் சும்மா கிடந்த மாதங்களில் ஏறிய வட்டியைப் பார்த்து, 'இது நம் சம்பாத்தியம்' என்று பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள். மத்திய மானியத்தின் வட்டி இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்பிப் போக வேண்டியது. மாநிலப் பணம் என்றால் அனுமதி உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. திருப்பிக் கட்டிய சலானை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஆடிட்டர் வந்ததும் அதைத்தான் கேட்பார்.