மலைத்தோட்டத்தில் மண்ணைக் காப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடையைப் பாருங்கள். தண்ணீர் காவி நிறத்தில் போகும். போட்ட எருவும் சுண்ணாம்பும் அதோடு சேர்ந்துதான் போகின்றன. மூன்று கம்பும் ஒரு நூலும் வைத்து மட்டம் பார்த்து, சரிவைப் படிப்படியாக வெட்டினால் இதைப் பெருமளவு தடுக்கலாம். பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள், மண் காய்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

முதலில் ஒரு குழி

தோட்டத்தின் நடுவில் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரைப் பாருங்கள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு அல்லது மஞ்சள். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடும்பாறை. காலங்காலமாகப் பெய்த மழை அந்தப் பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய இரும்பும் அலுமினியமும்தான் அந்தச் சிவப்பு மண். இங்கே மண் புளிப்பாக இருப்பதும் இதனால்தான். மேலே இருக்கும் கறுப்பு, குளிரில் மெதுவாக மக்கிய இலைதழை. ஓரங்குலம் மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். உங்கள் குழியில் அந்தக் கறுப்பு எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் மூலதனம்.

மட்டச் சட்டம் செய்வது

ஏழடி நீளத்தில் இரண்டு நேரான கம்புகள், நாலடியில் ஒன்று. மூங்கிலோ கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்), எது கிடைத்தாலும் சரி. நீளக் கம்புகளின் உச்சியைச் சேர்த்துக் கட்டி, கால்களைச் சரியாக 2 மீட்டர் அகட்டி, குறுக்கே மூன்றாவதைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும்.

இனி மட்டம் பிடிக்க வேண்டும். கால்கள் நிற்கும் இடங்களில் இரண்டு முளை அடியுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த முளையில் வலது காலை வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு போடுங்கள். நூல் அங்கே நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். காற்றடிக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், நூல் நிற்காது.

சரிவை அளப்பது

ஒரு காலை மேட்டில் ஊன்றி, மற்றதைப் பள்ளப் பக்கம் நீட்டி, நூல் நடுக்கோட்டுக்கு வரும்வரை தூக்குங்கள். தூக்கிய காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 50 செ.மீ. என்றால், 2 மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம், அதாவது 25 சதவீதச் சரிவு. 33 சதவீதத்துக்கு மேல் போனால் கேரட், உருளைக்கிழங்கு ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே தேயிலையோ மரமோதான் நிற்க வேண்டும்.

தண்ணீருக்கு வழி

இதைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். சமவெளியில் மழைநீரை அப்படியே தேக்கி நிறுத்தலாம். மலையில் தேக்கினால் மண் ஊறிக் கனத்து, கரையோடு சரியும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையில் தண்ணீரை நிறுத்தக் கூடாது, நடக்க வைக்க வேண்டும்.

தோட்டத்தின் ஓரத்தில் இயற்கையாகவே தாழ்வாக இருக்கும் இடத்தை வடிகாலுக்கு ஒதுக்குங்கள். அதில் புல் இருந்தால் செதுக்காதீர்கள். செங்குத்தாக இறங்கும் இடங்களில் கல் அடுக்குங்கள்.

கோடு போடுவது

படிகளின் ஓரம் எங்கே வர வேண்டும் என்பதைக் காட்டுவது இந்தக் கோடு. தண்ணீர் வடிகாலை நோக்கி மெல்ல நடக்க, நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் போதும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. 2 செ.மீ. கனமுள்ள மரத்துண்டை ஒரு காலின் அடியில் கட்டிவிடுங்கள். இப்போது நூல் நடுக்கோட்டில் நின்றால், கட்டை கட்டிய கால் ஊன்றிய தரை 2 செ.மீ. தாழ்வாக இருக்கிறது என்று பொருள். தோட்டத்தின் மறு ஓரத்தில் தொடங்கி வடிகாலை நோக்கி வாருங்கள். கட்டைக்கால் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். இறக்கமில்லாத சமமட்டக் கோடு என்றால் ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றிச் சுழற்றிப் போகலாம், அது இங்கே ஆகாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். சட்டத்தின் கால் ஊன்றும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முளை.

முடித்துப் பார்த்தால் முளைகள் கோணல்மாணலாக இருக்கும். ஒன்றிரண்டை அரையடி நகர்த்தி வளைவைச் சீராக்கலாம். நேர்கோடாக்கிவிடக் கூடாது. 25 சதவீதச் சரிவில் 4 மீட்டருக்கு ஒரு கோடு போட்டால், படிகளுக்கு இடையே நிற்கும் கரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் இருக்கும்.

படி வெட்டுவது

அடிப்படியிலிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு படியிலும் கறுப்பு மேல்மண்ணை முதலில் உரித்து ஒதுக்கிவிட்டு, மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் போட்டு மிதித்து இறுக்குங்கள். அடுத்த படியில் உரிக்கும் மேல்மண் இந்தப் படிக்கு வரும். சிவப்பு மண் மேலே வந்துவிட்டால் இரண்டு மூன்று போகம் விளைச்சல் படுத்துவிடும். படி உட்பக்கம் சாய்ந்திருக்கட்டும், 4 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. உள் ஓரத்தில், மேல்கரையின் அடியில், ஒரு சாண் அகலக் கால்வாய். அது வடிகாலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் வண்டல் குழி ஒன்று.

தரையில் வெடிப்பு இருந்தாலோ, ஊற்று கசிந்தாலோ அங்கே மண்வெட்டி படவே கூடாது. ஜேசிபி வைப்பதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஐயம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையையோ, 1954 முதல் உதகையில் இயங்கும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தையோ கேளுங்கள்.

வெட்டும் அளவுக்குப் பணமோ ஆளோ இல்லையா? முளைக்கோட்டில் புல் வரிசை மட்டும் நடுங்கள். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் மண் இறங்கிப் புல்லில் தங்கி, சில ஆண்டுகளில் படி தானாகவே உருவாகும்.

கரைக்குப் புல்

கினிப்புல், எலுமிச்சைப் புல் போன்றவை கரையைப் பிடிக்கும், மாட்டுக்கும் கினிப்புல் ஆகும். உறைபனி விழும் ஊர் என்றால், ஜனவரி முடிந்ததும் பக்கத்துத் தோட்டக் கரைகளில் எது பச்சையாக நிற்கிறதோ அதை வாங்கி நடுங்கள். கிக்குயு புல் மண்ணை நன்றாகக் கவ்வும், ஆனால் பாத்திக்குள் ஓடி வந்துவிடும். அதை வடிகாலோடு நிறுத்துங்கள்.

பாத்தி

இங்கே மேலிருந்து கீழாகப் பாத்தி போடும் பழக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் தேங்கினால் கேரட்டும் கிழங்கும் அழுகும். நாம்தான் கோட்டிலேயே இறக்கம் வைத்துவிட்டோமே, இனி பாத்தியையும் பாரையும் (செடி நடும் மண்மேடு) கோட்டை ஒட்டியே போடலாம். கிழங்கு எடுத்த நிலத்தை வெறுமனே விடாமல் பீன்ஸ், பட்டாணி அல்லது பசுந்தாளுக்கு லூபின் விதையுங்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணோடு பயணிக்கும். மேல் தோட்டத்து மண் கீழே இறங்கினால் நோயும் சேர்ந்தே இறங்கும்.

முதல் பெருமழையில்

குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். கால்வாயில் தண்ணீர் எந்த இடத்தில் கலங்கத் தொடங்குகிறது, எங்கே கரை தாண்டி வழிகிறது என்று பார்த்து அங்கே ஒரு குச்சி நட்டு வையுங்கள். மழை விட்டதும் அந்த இடங்களைக் கல்லும் புல்வேரும் வைத்து அடையுங்கள். வண்டல் குழியில் நிறைந்த மண்ணை வாரி, அதே படியின் பாத்திகளில் போடுங்கள்.