இராசவள்ளி நடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் இராசவள்ளி என்னும் ஊதா நிறக் கொடிக்கிழங்கு சித்திரை, வைகாசியில் நடப்பட்டு மார்கழி, தையில் கிண்டப்படுகின்றது. எட்டு, ஒன்பது மாதம் நிலத்தில் நிற்கும் இந்தப் பயிர் தன் வாழ்வின் முற்பாதியைத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வறட்சியிலும் பிற்பாதியை மாரி மழையிலும் கழிக்கின்றது. அதிலும் கிழங்கு பருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் இங்குள்ள வளவுகளில் வெள்ளம் நிற்கத் தொடங்குகின்றது. இந்த ஒழுங்கை எண்ணிப் பார்க்காமல், நடும் நாளன்று மண் எப்படி இருக்கின்றதோ அதை மட்டும் பார்த்து வேலை செய்வதே வீட்டுத் தோட்டங்களில் நடக்கும் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

முதற் பிழை கிழங்கை நடுவதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. தையில் கிண்டிய கிழங்கு உடனே முளைக்காது. இரண்டு முதல் நான்கு மாதம் வரை அது உறக்கத்தில் இருக்கும். கிடைத்த கையோடு அதை வெட்டிப் புதைப்பவர்கள், முளை வராததால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி, வெட்டிய துண்டை மண்ணுக்குள்ளேயே அழுக வைத்துவிடுகின்றார்கள். நிழலில் வைத்திருந்து, தோலில் முளை தடித்து வெளிவரத் தொடங்கிய பின்னர் வெட்டுவதே சரி. துண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிராம் எடையுடனும் தோலுடனும் இருக்க வேண்டும். இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய சின்னத் துண்டிலிருந்து மெலிந்த கொடியே வரும். வெட்டிய முகத்தில் அடுப்புச் சாம்பலைப் பூசி, ஓரிரு நாள் நிழலில் உலரவிட வேண்டும். கொடியோடு ஒட்டியிருந்த தலைப்பகுதி விரைவாக முளைக்கும், நடுப்பகுதியும் அடிப்பகுதியும் பிந்தும் என்பதால் இவற்றைக் கலந்து ஒரே வரிசையில் நட்டால் முந்திய கொடிகள் பிந்தியவற்றை நிழலால் அமுக்கிவிடும். தலைத்துண்டுகளை ஒரு பக்கமாகவும் மற்றவற்றை வேறொரு பக்கமாகவும் நடுவது நல்லது.

அடுத்தது மண். இதில்தான் எழுவான்கரைக்காரரும் படுவான்கரைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துப் பிழைவிடுகின்றார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையின் மணல் வளவில், கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ, சித்திரையிலேயே உயரமான மேடு கட்டி அதன் உச்சியில் கிழங்கை வைத்தால், வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கியதும் மேட்டு மணல் சூடேறி, ஊற்றும் தண்ணீர் எல்லாம் பக்கவாட்டில் ஓடி, முளை மண்ணுக்கு மேலே வருவதற்குள் கருகிவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் களிகலந்த வயலோர நிலத்திலோ இதற்கு எதிரான பிழை நடக்கின்றது. அங்கே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குப்பை நிரப்பி நடுகின்றார்கள். ஆடி, ஆவணி வரை கொடி செழித்து நிற்கும், கார்த்திகையில் அந்தக் குழியே தொட்டியாக மாறித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மணலில் வெள்ளம் நிற்காதே என்று எழுவான்கரையில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கவும் முடியாது. மாரியில் அங்கே நிலத்தடி நீர் மிகவும் மேலே வந்துவிடும்; கிணற்றில் குனிந்து கையாலேயே தண்ணீர் அள்ளக்கூடிய நாட்கள் உண்டு. மேலே மண் உலர்ந்து தெரிந்தாலும் கிழங்கின் நுனி நீருக்குள் நிற்கும். அப்படிப்பட்ட கிழங்கைக் கிண்டிப் பார்த்தால் தலைப்பக்கம் உறுதியாகவும் நுனி விரலால் அமுக்கினால் குழிவிழும்படியும் இருக்கும். குறுக்கே வெட்டினால் ஊதா நிறத்துக்கு நடுவே மண்ணிறக் கறை பரவியிருக்கும், புளித்த மணமும் வரும். நடும் இடத்தைத் தெரிவு செய்யும்போது சென்ற மாரியில் கிணற்று நீர் எந்தப் படி வரை ஏறியது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வது எந்த மண் பரிசோதனையையும்விடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

ஆகவே இரு கரைக்கும் பொருந்தும் வழி, மேட்டை இரண்டு தவணையாகக் கட்டுவதுதான். சித்திரையில் நிலத்தை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி இளக்கி, கல்லும் வேரும் பொறுக்கி, ஏறத்தாழ மூன்றடி இடைவெளியில் தரைமட்டத்தை ஒட்டி நட வேண்டும். களிமண் நிலமென்றால் தொடக்கத்திலேயே சிறிது உயர்த்திக்கொள்ளலாம். பிறகு புரட்டாதியில், பெருமழைக்கு முன்னர், வரிசைகளுக்கிடையே உள்ள மண்ணை அள்ளிக் கொடியின் அடியில் அணைத்து, முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, மண் அள்ளிய இடத்தையே வாய்க்காலாக்கி வளவின் தாழ்ந்த மூலைக்கு வடிய விட வேண்டும். இவ்வேலையைக் கார்த்திகைக்குத் தள்ளினால் இரட்டிப்புச் சேதம்: நனைந்த மண் கட்டியாகும், மேலாகப் பரவியிருக்கும் வேர்களும் மண்வெட்டியில் அறுபடும்.

வறண்ட மாதங்களில் மண்ணை வெறுமையாக விடுவது இன்னொரு பெரும் பிழை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் முடிவதால் நடுகைக் காலத்தில் வைக்கோலுக்கு நம் பகுதியில் பஞ்சமே இல்லை. இருந்தும் வயலோரத்தில் அதை எரித்துவிட்டு, வளவில் வெயில் நேரே விழும் மண்ணில் தண்ணீரை வீணாக்குகின்றோம். நட்ட அன்றே நான்கு விரல் தடிப்பில் வைக்கோலோ தென்னஞ் சருகோ பரப்பினால் மண்ணின் சூடு குறையும், முளைகள் சீராக வரும், களையும் அடங்கும். வாவியோரக் கிணறுகளில் ஆடிக்குப் பிறகு நீர் உவர்க்கத் தொடங்கினால் அந்நீரையே தொடர்ந்து இறைக்கக் கூடாது. இலை விளிம்பு கருகினால் முதலில் கிணற்று நீரை வாயில் விட்டுப் பாருங்கள், பசளை வாங்க ஓடாதீர்கள்.

கொடிக்குப் பற்றுக்கோல் கொடாமல் தரையில் படரவிடுவது விளைச்சலை வெகுவாகக் குறைக்கும், ஏனெனில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து வெளிச்சம் பெறாமல் போகின்றன. மழைநீர் தெறித்து நோயும் தொற்றுகின்றது. மாமரத்தில் ஏற்றிவிடுவதும் நல்லதன்று, அடர்ந்த நிழலில் கொடி உச்சியைத் தேடியே நீளும். ஆறடி, ஏழடி உயரமான கம்போ வேலியிலுள்ள கிளிசரிடியாவோ போதும். கிளிசரிடியாவின் கிளைகளை ஆவணியில் ஒருமுறை வெட்டி, இலைகளைக் கொடியின் அடியிலேயே போட்டுவிடலாம்.

பசளையைப் பொறுத்தவரை, பச்சைச் சாணத்தை நடும் குழியில் இடுவதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மட்காத சாணம் சூடாகும், கறையானையும் வண்டுப் புழுவையும் அழைத்துவரும். நன்கு மட்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ இடுங்கள். யூரியாவை அள்ளி வீசினால் இலைதான் கொழுக்கும்.

மாரி தொடங்கியதும் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, இளந்தளிர் கறுத்து, கொடி எரிந்ததுபோல் நிற்குமானால் அது பெரும்பாலும் அந்திரக்னோஸ் எனப்படும் பூஞ்சண நோயாகும். வள்ளியினத்தில் இராசவள்ளியே இதற்கு எளிதில் ஆளாகின்றது. இதைக் கொடி முற்றிவிட்டதன் அடையாளம் என்று எண்ணி வாளாவிருப்பவர்கள் அதே கொடியின் கிழங்கை மறு ஆண்டும் விதைக்கு வைக்கின்றார்கள், அதே குழியிலேயே நடவும் செய்கின்றார்கள். நோய்கண்ட கொடியின் கிழங்கைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, விதைக்கு வேறிடத்தில் வாங்குவதும் நடும் இடத்தை மாற்றுவதும் அவசியம். மருந்து அடிக்க நினைத்தால் பாதிக்கப்பட்ட இலையைக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிய பிறகு செய்யுங்கள். காட்டோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு நோயைவிடப் பன்றியும் முள்ளம்பன்றியும்தான் கவலை. அவர்கள் வேலியை நடுகைக்கு முன்னரே அடைத்துக்கொள்ள வேண்டும்.

கிண்டுவதற்கு உரிய காலம் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்த பின்னரே. நீர் தேங்காத மேட்டில் கிழங்கை மாசி வரைகூட மண்ணிலேயே விட்டு வைக்கலாம். நீர் ஏறும் வளவிலோ கொடி முழுதும் காயட்டும் என்று காத்திருப்பது வீண், நுனி அழுகுவதற்குள் எடுத்துவிடுவதே நல்லது. கொடியைப் பிடித்து இழுக்கவோ அலவாங்கைக் கொடிக்கு அருகில் குத்தவோ கூடாது. ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிவரத் தோண்டி, கிழங்கு எந்தப் பக்கம் போகின்றது என்று கையால் மணலை விலக்கிப் பார்த்து எடுக்க வேண்டும். காயம்பட்டவற்றைத் தனியாக ஒதுக்கி அந்த வாரமே கூழ் காய்ச்சிவிடுங்கள். மற்றவற்றைக் கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் பரப்பினால் சிறு கீறல்களில் தோல் கட்டிக்கொள்ளும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். குளிர்சாதனப் பெட்டியிலும் முழுக்கிழங்கை வைக்கக் கூடாது, கடுங்குளிர் அதன் உட்சதையைக் கெடுத்துவிடும். பரண்மேல் ஒற்றை அடுக்காக வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, தலைப்பக்கத்தில் வெள்ளைமா தூவினாற்போல் மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிழங்கை உடனே விதைக்குவியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.