வறுத்த விளைமீனுக்கு மாங்காய் சல்சா

பாம்பன், மண்டபம் பக்கம் விளைமீன் வாங்கினால் எல்லாவற்றையும் குழம்பில் போட்டுவிடாதீர்கள். நான்கு துண்டுகளையாவது வறுத்து, மாங்காய் சல்சாவோடு (நறுக்கியதைச் சமைக்காமல் கலக்கும் தொடுகறி) சாப்பிட்டுப் பாருங்கள்.

மாங்காய் செங்காயாக இருக்க வேண்டும். கனிந்த பழம் கூழாகிவிடும். பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு சேருங்கள். காரத்துக்கு நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் (2023-இல் புவிசார் குறியீடு பெற்றதாயிற்றே!): வெறும் சட்டியில் வறுத்து, கையால் நொறுக்கித் தூவுங்கள். உப்பைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள். முன்பே போட்டால் மாங்காய் நீர்விட்டு, மீனின் மொறுமொறுப்பு போய்விடும்.

மீனுக்கு மஞ்சளும் உப்பும் போதும். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, காய்ந்த எண்ணெயில் இடுங்கள். ஓரம் சிவந்து தானாகக் கழன்று வரும்வரை திருப்பாதீர்கள். மாங்காய்க்குப் பதில் அன்னாசி என்றால், அதில் மீனை ஊறவைக்க வேண்டாம். அதன் நொதி சதையைக் குழைத்துவிடும்.