செஃபலூவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிசிலித் தீவின் வடகரையில், பலேர்மோவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது செஃபலூ. ஊரின் முதுகுக்குப் பின்னால் 270 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை, அதன் அடிவாரத்தில் நெருக்கியடித்து ஓட்டு வீடுகள், நடுவில் இரட்டைக் கோபுரத் தேவாலயம், எதிரே கடல். ரயிலில் ஒரு மணி நேரம்தானே என்று பலரும் பலேர்மோவில் தங்கிக்கொண்டு, பகலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். அதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே வருகின்றன.

சாவகாசமாகக் கிளம்பினால் பதினொரு மணி வாக்கில் போய் இறங்குவீர்கள். சுற்றுலாப் பேருந்துகளும் அந்நேரத்துக்குத்தான் வந்து சேரும். ஒரு மணிக்குக் கடைகள் பலவும் சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நான்கு மணியாகும். இரண்டரை தாண்டினால் உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். அப்புறம் ஏழரை மணிக்குமேல்தான் சாப்பாடு. மாலையில் நாம் ரயிலைப் பிடிக்க ஓடும்போதுதான் ஊர்க்காரர்கள் வெயில் தாழ்ந்து வீதிக்கு வருகிறார்கள். கோடையில் பழைய துறைப் பக்கம் கடலுக்குள் சூரியன் இறங்க எட்டு மணிக்கு மேலாகும். அதைப் பார்க்காமல் திரும்பினால் செஃபலூவைப் பார்த்ததாகவே நான் சொல்லமாட்டேன். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

தங்கிவிட்டால் பாறைக்கும் சரியான நேரத்தில் போகலாம். லா ரோக்கா என்பார்கள். நண்பகலில் ஏறி நான் பட்டது போதும்: பெரும்பகுதியில் நிழல் இல்லை, பலர் கால்பட்டு மழமழவென்று தேய்ந்த கற்கள், காலில் செருப்பு வேறு. காலையில் வாசல் திறந்ததுமே ஏறிவிடுங்கள். பிடிமானமுள்ள காலணி வேண்டும், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். பாதி வழியில் பெரும் பெரும் கற்களால் கட்டிய ‘டயானா கோயில்’ வரும். அதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். உச்சியில் இருக்கும் கோட்டை இடிபாடுகளுக்கு இன்னும் ஏற வேண்டும்.

தேவாலயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. உள்ளே வந்து, கைப்பேசியை உயர்த்தி, ஒரு படம் எடுத்து, வெளியே போய்விடுகிறார்கள். சிசிலியை ஆண்ட நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 1131-இல் தொடங்கிய கட்டடம் இது. 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. முன்வரிசையில் ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள். பீடத்துக்கு மேலே வளைந்த சுவரில், பொன் பின்னணியில், கிறிஸ்துவின் முகம் மெல்லத் துலங்கி வரும். 1148 என்று ஆண்டு பொறித்த மொசைக் வேலைப்பாடு. நெற்றியில் விழும் இரண்டு முடிக்கற்றையைக்கூடச் சின்னச் சின்னச் சில்லுகளால் பதித்திருக்கிறார்கள். இடக்கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன், இரண்டிலும் ‘நானே உலகின் ஒளி’ என்ற வாசகம். பல மொழி மக்களை ஆண்ட ஒருவன் கட்டிய கோயில் என்பது அந்த ஒரு புத்தகத்திலேயே தெரிகிறது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திப் போங்கள். கடற்கரையிலிருந்து அப்படியே வந்து வாசலில் திகைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைகளைப் பார்த்துக்கொண்டே விட்டோரியோ இமானுவேலே தெருவில் நடந்தால், பழைய சலவைத்துறையைத் தவறவிட்டுவிடுவீர்கள். தெருமட்டத்துக்குக் கீழே வளைந்து இறங்கும் கற்படிகள். கீழே 22 இரும்புக் குழாய்வாய்களிலிருந்து செஃபலினோ ஆற்று நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் 15 சிங்கமுகம். ‘வெள்ளியைவிடத் தூயது, பனியைவிடக் குளிர்ந்தது’ என்று அந்த ஆற்றைப் போற்றும் கல்வெட்டும் உண்டு. தொட்டி விளிம்பில் சாய்வாகத் துவைகல், நம் ஊர்க் கிணற்றடியில் இருப்பது மாதிரியே. அதைத் தடவிப் பார்த்தால் எத்தனை கைகள் தேய்த்த வழவழப்பு என்று தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘காய்கறிதானே’ என்று நம்பிவிடக் கூடாது. ஸ்ஃபின்சோனே என்கிற தடித்த பீட்சாவில் நெத்திலி இருக்கும். கப்போனாத்தா கத்தரிக்காய்ப் பதார்த்தம்தான் என்றாலும் சில இடங்களில் மீன் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கடலைமாவில் பொரித்த பனெல்லே நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். வறுத்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிக்கோட்டா பாலாடைக்கட்டி போட்ட பாஸ்தா அல்லா நோர்மாவும் அப்படித்தான். பில்லில் ‘கொப்பேர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் சண்டை போடாதீர்கள். அது இத்தாலியில் பரவலாக உள்ள இருக்கைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

வண்டி விஷயம். பழைய ஊருக்குள் வெளியார் காருக்கு அனுமதி இல்லை. எல்லையில் கேமரா இருக்கும், அபராதம் மாதங்கள் கழித்துக்கூட வீடு தேடி வரும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டும். ரயிலே நல்லது. ஆனால் காகிதப் பயணச்சீட்டை நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம். பலேர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே, செஃபலூவோ கிழக்கே, அதனால் நகரத்துக்குள் வந்து ரயில் மாற வேண்டும். இதைக் கணக்கில் வைக்காமல் இரவு விமானத்தில் வந்து இறங்காதீர்கள்.

ஆகஸ்ட் வேண்டாம். 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையையொட்டி இத்தாலியே கடற்கரையில் இருக்கும், குடைக்கும் சாய்வுப் படுக்கைக்கும் காசு கொடுத்தாலும் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூன் தொடக்கமோ செப்டம்பர் பின்பாதியோ வாருங்கள். செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், காலை ஏழு மணிக்கு மணலில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். குளித்துவிட்டு, பிரியோஷ் ரொட்டியைப் பிய்த்து கிரனீத்தா என்கிற பாதாம் பனிக்கூழில் தோய்த்துச் சாப்பிடலாம். அங்கே அதுதான் காலை உணவு.